வேலிப் பெட்டி

பழுதான சாமானோடு கடைக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பழுதான குடும்பத்தோடு வருகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். அன்று காலை கரடியனாற்றிலிருந்து வந்த ஓட்டோ என் கடை வாசலில் நின்றபோதே இது இரண்டாவது வகை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டோ நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஓட்டோக்காரன் மட்டும் இறங்கி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது மாதிரி வாவிப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலையைத் துப்பினான்.

புளியந்தீவில், கோயிலுக்குப் பின்னால் வாவியைப் பார்த்த ஒழுங்கையில்தான் என் கடை. சோலார், இன்வேட்டர், பற்றரி என்று கரண்ட் சம்பந்தமான எல்லாம் திருத்துவேன். உப்புக் காற்றுக்கு எல்லாச் சாமானும் பச்சை பூத்துப்போகிற இடம் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. வேலை இருக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. என் மனுசி பீற்றிஸைக் கேட்டால் விவரமாகச் சொல்லுவாள்.

முதலில் இறங்கியது அறுபதைத் தாண்டிய ஒரு பெண். சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி, கையில் தயிர்ச் சட்டி. பின்னால் அவளுடைய மகள், கக்கத்தில் இறுக்கிய ஒரு கைப்பையோடு. கடைசியாக, மகளின் புருசன் போலிருந்த ஒருவன் உரப்பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அதை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் ஒரு கார் பற்றரியைத் தூக்கிவந்தான். மூன்றாவதாக அந்த வயதான பெண் தானே ஓட்டோவுக்குள் கையை விட்டு, பிதுங்கிப்போயிருந்த ஒரு உடுப்புப் பேக்கை இழுத்து என் வாசற்படியில் போட்டாள். அதற்குள் அவளுக்கு இரைக்கத் தொடங்கிவிட்டது.

"தம்பிதானே ஜூலியன்?"

"ஓம் அக்கா."

"இந்தப் பெட்டிய ஒருக்காப் பாத்து, நல்லா இரிக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. மறுகா நானும் மகளும் போயிருவம். இவன் இவடத்தில இரிந்து பஸ் ஏறி ஆரையம்பதிக்குத் தாய்ர ஊட்ட போவான். பேக்கும் கொண்டுவந்திட்டன்."

பெட்டியில் என்ன பழுது என்று கேட்டு வருகிறவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். பழுதில்லை என்று சொல்லச் சொல்லி வந்தவள் இவள்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். ஆகவே ஒரு மாப்பிள்ளையைத் துரத்துவதற்கு இந்த ஒரு பேக் போதும். ஆனால் அதற்கு என் கடையை ஏன் தேடி வந்தாள் என்றுதான் எனக்கு எரிச்சல்.

உரப்பையை அவிழ்த்தேன். யானை வேலிப் பெட்டி. பன்னிரண்டு வோல்ற் பற்றரியில் ஓடும். வினாடிக்கு ஒருக்கால் 'டிக்' என்று அடித்து வேலிக் கம்பிக்கு அதிர்ச்சி அனுப்பும். தொட்ட யானை செத்துப்போகாது, திரும்பி ஓடும். பகலில் சோலார் தகடு பற்றரியை நிரப்பும், இரவில் பெட்டி அதைக் குடிக்கும். அவ்வளவுதான் அதன் சீவியம்.

"இதால என்ன நடந்த?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பெண், பெயர் இலட்சுமிப்பிள்ளை, கதிரையில் இருந்து தயிர்ச் சட்டியை என் மீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதைத் தள்ளி வைத்தேன். அவள் திரும்ப இழுத்து அதே இடத்தில் வைத்தாள்.

"எண்ட மனிசன் செத்த. வினாயகமூர்த்தி எண்டா கரடியனாத்தில கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. விடியக்காலை வயல் வட்டைக்குத் தண்ணி பாக்கப் போன மனிசன். வேலிக்கு இஞ்சாலதான் போன. வேலி ஓடுதெண்டு நம்பித்தானே போன? வேலியப் பிரிச்சிட்டு யானை இஞ்சால நிண்டு மனிசன அடிச்சிப் போட்டிட்டு. தூக்கின ஆக்கள் கம்பியத் தொட்டுப் பாத்தவங்க, ஒரு சொட்டுக் கரண்ட் இல்ல. வேலிக் காவல் ஆருக்குத் தெரியுமா? இந்தா நிக்கிறானே, எண்ட மருமகன், திவாகரன். பெட்டி எங்கட ஊட்டு விறாந்தையிலதான் இரிந்த. பொழுதுபட்டு மம்மலுக்குப் போடணும், விடிஞ்சா நூத்து நிப்பாட்டணும். இந்த ஒரு வேலையும் செய்ய ஏலாம எண்ட தாலிய அறுத்திட்டான்."

திவாகரன் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த, கையெல்லாம் முட்கீறல் விழுந்த ஆள்.

"நீ பெட்டியப் போட்டயா தம்பி?" என்று அவனைக் கேட்டேன்.

"போட்டன் அண்ணன்."

"பொய்!" இலட்சுமிப்பிள்ளை கதிரையின் கையில் அடித்தாள். "போட மறந்திட்டுப் படுத்திரிக்கான். மனிசன் செத்த பிறகு, சனம் எல்லாம் ஒப்பாரி வைக்கக்குள்ள, மெல்லமாப் போட்டு விட்டிரிக்கான். எப்பிடித் தெரியுமெண்டு கேளுங்க. விடியக்குள்ள கம்பியில ஒண்டுமில்ல. பத்து மணி போல வேலிச் சங்கத்து ஆக்கள் வந்து பாக்கக்குள்ள பெட்டி டிக் டிக்கெண்டு அடிச்சிக்கிட்டு இரிக்கு. பெட்டி பழுதெண்டா தன்ர பாட்டில திருந்துமா? மனிசண்ட முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியட்டுமெண்டுதான் பல்லக் கடிச்சிக்கிட்டு இரிந்தன். முடிஞ்சிட்டு. இனி எண்ட புள்ளைர ஊட்டுக்குள்ள இவன் கால் வைக்கப்படா."

மகள் கேதீஸ்வரி தலை நிமிரவில்லை. கைப்பையின் இழுவையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் கிரீச் சத்தம் வேறு எனக்கு நரம்பைக் கிள்ளியது.

"அக்கா, இது கோட்டில்ல. திருத்துற கடை. உங்கட வழக்க வேற எங்கயும் கொண்டு போங்க."

"பெட்டி நல்லமெண்டு சொல்ல ஒங்களுக்கு என்ன வாய் வலிக்குதா? இவ்வளவு தூரம் வந்திரிக்கம்."

பீற்றிஸ் உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "பாத்துக் குடுத்தா என்ன? உங்களுக்கு வாயத் திறந்தா ஏச்சுத்தான்," என்று எனக்கும் ஒன்று போட்டுவிட்டுத் தேத்தண்ணியை வைத்தாள். நான்கு பேரும் எனக்கு எதிரிகளாகிவிட்டார்கள். சரி, பார்த்துத் துலைத்து அனுப்புவோம் என்று வயரை எடுத்தேன்.

என்னிடம், பற்றரிக்குப் பதிலாகக் கரண்ட் கொடுக்கிற ஒரு பவர் சப்ளை இருக்கிறது. கொழும்பில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் ஏலத்தில் எடுத்தது. சாதாரண சப்ளை பன்னிரண்டில் வைத்தால் பன்னிரண்டிலேயே நிற்கும். இது சொன்னபடியெல்லாம் ஆடும். சரிவாக இறங்கு என்றால் இறங்கும், ஏறு என்றால் ஏறும், அலை மாதிரி ஏறி இறங்கு என்றால் அதையும் செய்யும். ஒரு அட்டவணையை அடித்துக் கொடுத்தால், இந்த வரியில் இத்தனை வோல்ற் இவ்வளவு நேரம், அடுத்த வரியில் இத்தனை என்று, வரி வரியாக வாசித்து ஒரு பற்றரி ஒரு இரவு முழுக்கப் படுகிற பாட்டை மேசையில் நடித்துக் காட்டும். இந்த ஒழுங்கையில் இதன் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பீற்றிஸ் அதற்கு மேல் துணி காயப்போடுகிறவள்.

பன்னிரண்டரை வோல்ற் கொடுத்தேன். பெட்டி 'டிக்' என்றது. பிறகும் 'டிக்'. சீராக அடித்தது.

"பாத்தீங்களா!" இலட்சுமிப்பிள்ளை எழும்பிவிட்டாள். "கேட்டயா புள்ள? நல்ல பெட்டி. எழும்பு, போவம். டேய், பேக்க எடு."

திவாகரன் உடனே குனிந்து பேக்கை எடுத்தான். அதுதான் எனக்கு உறைத்தது. கள்ளன் என்றால் 'இன்னும் பாருங்க' என்று மல்லுக்கு நிற்பான். இவன் பெட்டி பழுதில்லை என்று கேட்டதும் தப்பித்தோம் என்பது மாதிரி வெளிக்கிடுகிறான். வேலையைப் பாதியில் விடச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. அதிலும் ஏமாற்றி விடச் சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது.

"இரிங்க," என்றேன். "இது பன்னிரண்டரையில நல்ல பெட்டி. பற்றரி எந்த நேரமும் பன்னிரண்டரையில நிக்குமா? இறக்கிப் பாக்கணும்."

"அண்ணன், போதும்," என்றான் திவாகரன்.

"நீ வாயப் பொத்திக்கிட்டு நில்."

சரிவாக இறங்குகிற அலையைப் போட்டேன். மெல்ல மெல்லக் குறைந்தது. பதினொன்றுக்குக் கீழே போனதும் டிக் நின்றது. பற்றரி செத்துப்போகாமல் இருக்கப் பெட்டி தானே படுத்துக்கொள்கிற இடம் அது. பிறகு ஏற்றினேன். பதினொன்றரை வந்தது, பன்னிரண்டு வந்தது, பெட்டி எழும்பவில்லை. பன்னிரண்டரையைத் தாண்டிய பிறகுதான் திரும்ப 'டிக்' என்றது.

"இஞ்ச பாருங்க அக்கா. ஒருக்கா விழுந்தா லேசில எழும்பாது. வெயில் ஏறி, சோலார் பற்றரிய நிரப்பினாத்தான் தானா எழும்பும், இல்லாட்டி ஆராவது நூத்துத் திரும்பப் போடணும். பத்து மணிக்குச் சங்கத்து ஆக்கள் கேட்ட டிக் அதுவாயும் இரிக்கலாம். ஆரும் போய்ப் போடத் தேவையில்ல."

இலட்சுமிப்பிள்ளையின் முகம் சிறுத்தது.

"அப்ப இரவு என்னத்துக்கு விழுந்த?"

"அதத்தான் கேக்கிறன். அண்டைக்கு மம்மலில இரிந்து அந்தப் பற்றரியில என்னென்ன பூட்டினீங்க? ஒவ்வொண்டாச் சொல்லுங்க. நான் அட்டவணை போடுறன். போட்டு ஓட்டினா எவடத்தில நிண்டதெண்டு தெரியும்."

தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஒரு வரிக்கு ஒரு சண்டை. அந்தக் காலை முழுக்க அதுதான் நடந்தது.

முதல் வரி, பெட்டியைப் போட்ட நேரம். மூன்று நாள் மழை, வெயிலே இல்லை, பற்றரி குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று கொண்டுவந்த பற்றரியை அளந்து கணக்குப் பார்த்துப் பன்னிரண்டே கால் போட்டேன். மம்மலில் போட்டேன் என்றான் திவாகரன். அம்மன் கோயில் மணி அடிக்கக்குள்ள பெட்டி அடிக்கவில்லை, என் காதால் கேட்டேன் என்றாள் மாமி. மழைக்குள்ள தகரத்தில தண்ணி அடிக்கக்குள்ள டிக் கேக்குமா மாமி என்றான். ஒண்ட கதை மட்டும் கேக்கும், வேலி கேக்காது என்றாள். நான் திவாகரன் சொன்னதைப் போட்டேன்.

இரண்டாவது வரி, பல்ப். ரோட்டில் மரம் விழுந்து ஊருக்கே கரண்ட் இல்லை. குசினிக்கு வேலிப் பற்றரியிலிருந்து சின்ன பல்ப் ஒன்று இழுத்திருக்கிறார்கள். இழுத்தது ஆர்?

"நான்தான். இருட்டுக்குள்ள எப்பிடிக் கறி ஆக்கிற?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "கருவாடும் கத்தரிக்காயும் ஆக்கின. மனிசன் ரெண்டு கோப்பை சோறு திண்ட. கடைசிச் சோறு. ஒரு பல்புக்கு என்ன நிண்டு போகும்?"

"ஒண்டும் நிண்டு போகாது. கோவிக்காதீங்க, போட்டாத்தான் முடியும்." அவர்களுடைய பற்றரியில் அதே அளவு பல்ப் ஒன்றைப் பூட்டிப் பார்த்தேன். வோல்ற் கொஞ்சம்தான் இறங்கியது. அந்த அளவை அடித்தேன்.

மூன்றாவது, ரெலிபோன்.

"இவண்ட போன்தான். அதுதான் இவருக்குப் பெண்சாதி. நாள் முழுக்கத் தடவிக்கிட்டு இரிப்பார்."

"என்ட போன் இல்ல மாமி. மாமாட போன். சார்ஜ் இல்லாம வட்டைக்குப் போகப்படாதெண்டு நான்தான் பூட்டி வைச்ச."

இலட்சுமிப்பிள்ளைக்கு அதில் இன்னும் கோபம் வந்தது. "போடுங்க தம்பி, போடுங்க. அதையும் போடுங்க."

"மறுகா?"

"மறுகா நான் என்னத்தக் கண்டன்? சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில எனக்கு மூச்சிழுத்து முட்டு வந்திட்டு. குளிர்தானே. கிடையில கிடந்தன். கண் முழிச்சா விடிஞ்சிட்டு, படலையில சனம் கத்துது." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இவன் எங்க இரிந்தானெண்டு இவனக் கேளுங்க."

"சாப்பிட்ட பிறகு வேலியோரம் போன நான். மழைக்குக் கொடி விழுந்து கம்பியில பட்டா கரண்ட் இழுத்திரும். வெட்டி விட்டிட்டு வந்து நனைஞ்ச உடுப்ப மாத்திப் படுத்தன்."

"வரக்குள்ள பெட்டியப் பாத்தயா?" என்றேன்.

அவன் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். "இல்ல அண்ணன். மழை. பாக்கல்ல. அது என்ட பிழைதான்."

"கேட்டீங்களா! அவண்ட வாயால வந்திட்டு!"

நான் மகளைப் பார்த்தேன். "தங்கச்சி, நீங்க ஏதும் பூட்டினீங்களா?"

இழுவைச் சத்தம் நின்றது. "அவள் என்னத்தப் பூட்டுவாள்?" என்று திவாகரன் குறுக்கே விழுந்தான். "போட்டு ஓட்டுங்க அண்ணன். எங்களுக்கு நேரம் போகுது."

அட்டவணையை ஓட்டினேன். ஒரு மணித்தியாலத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். பல்ப் வந்தது, போன் வந்தது, பல்ப் அணைந்தது, குடும்பம் படுத்தது, விடியப் போனது. வோல்ற் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து இறங்கியது, ஆனால் பதினொன்றரைக்குக் கீழே போகவேயில்லை. பெட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் டிக், டிக், டிக்.

இலட்சுமிப்பிள்ளை எழும்பி நின்று கும்பிட்டாள். எனக்கில்லை, மேலே பார்த்து. "அம்மாளாச்சி, நீ இரிக்காய்! போட்டிருந்தா விடிய மட்டும் ஓடியிரிக்கும். போடயில்ல! எண்ட மனிசன் ஒரு பாவமும் அறியாத மனிசன், இந்த அறுவான நம்பிப் போய்…"

அவளுக்கு இரைப்பு ஏறியது. கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் மாமி," என்றான் திவாகரன். "போட மறந்திட்டன். பொய்தான் சொன்ன நான். விடிஞ்ச பிறகுதான் போட்ட. போதுமா?" பேக்கைத் தோளில் மாட்டிப் படியில் கால் வைத்தான். "நீங்க ஊட்ட போங்க. ஏசாதீங்க, முட்டு வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று முன்னர் மம்மலில் போட்டேன் என்று அடித்துச் சொன்ன வாய். என் மேசையில், என் சப்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு பொய். "டேய், நில்லுடா…" என்று நான் தொடங்கினேன்.

"ஒரு வரி விடுபட்டிரிக்கு," என்றாள் கேதீஸ்வரி.

வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். கைப்பையைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு வெள்ளை மெசினை எடுத்து என் மேசையில் வைத்தாள். முட்டு வருத்தக்காரர் முகத்தில் மூடியை மாட்டி மருந்துப் புகை இழுக்கிற மெசின். அதனோடு, சிவப்பும் கறுப்பும் கிளிப் பூட்டிய ஒரு குட்டி இன்வேட்டர்.

"கேதீஸ், வாயப் பொத்து!" திவாகரன் திரும்பிப் பாய்ந்து வந்தான். பேக் விழுந்தது. "அண்ணன், அவளுக்கு விசர். அந்த வரியப் போடாதீங்க."

"போடுங்க அண்ணன்," என்றாள் அவள். "கரண்ட் இல்லத்தானே. அம்மாக்கு உதடு நீலம் பாரிச்சிட்டு. இவர் வேலிக்குப் போயிட்டார். ரோட்டில மரம், ஆசுபத்திரிக்கும் போக ஏலா. நான் இந்த இன்வேட்டர வேலிப் பற்றரியில கொழுவி அம்மாக்குப் புகை பிடிச்ச. பத்து நிமிசம்தான். மூச்சு வந்த உடன கழட்டிட்டன். பத்து நிமிசத்தில என்ன நிண்டு போகுமெண்டு நினைச்ச. விடிஞ்சு அப்பாவத் தூக்கி வந்த பிறகுதான் இவருக்கிட்டச் சொன்ன. இவர்தான் அம்மாக்குச் சொல்லாத எண்டு சத்தியம் வாங்கின."

இலட்சுமிப்பிள்ளை அந்த மெசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பொய். கரண்ட் வந்திரிக்கும். கரண்டிலதான் பிடிச்சிரிப்பாய்."

"கரண்ட் விடியமட்டும் வரல்ல அம்மா."

"பொய் சொல்லுறாள் தம்பி. புருசனக் காப்பாத்தப் பொய் சொல்லுறாள். போடுங்க அந்த வரிய! போட்டு ஓட்டுங்க! பத்து நிமிசத்தில நிக்குமா எண்டு பாப்பம்!"

எனக்குக் கை வரவில்லை, சத்தியமாக. எத்தனையோ பெட்டி நிற்பதைக் கண்டிருக்கிறேன், ஒரு பெட்டி நிற்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். பீற்றிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திவாகரன் என் கையைப் பிடித்தான். "அண்ணன், உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"கைய எடுடா," என்றாள் மாமி. "போடுங்க தம்பி."

இன்வேட்டரை அவர்களுடைய பற்றரியில் கொழுவி, மெசினை ஓடவிட்டு அளந்தேன். பழைய பற்றரி. மெசின் உறுமத் தொடங்கியதும் வோல்ற் பொத்தென்று விழுந்து பதினொன்றுக்குக் கீழே போனது. கழற்றினேன், பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தது. போனுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு வரியைப் புகுத்தி, விழுகிற வோல்றையும் பத்து நிமிடத்தையும் அடித்தேன். ஓட்டினேன்.

டிக், டிக் என்று வந்தது. பல்ப் வந்தது. போன் வந்தது. அந்த வரி வந்ததும் பெட்டி நின்றது.

வரி போனது. வோல்ற் பன்னிரண்டுக்கு ஏறியது. பெட்டி எழும்பவில்லை. சப்ளை அடுத்த வரியையும் அதற்கடுத்த வரியையும் வாசித்துக்கொண்டு போனது. இரவு முழுக்க என் மேசையில் ஒரு சத்தமுமில்லாமல் போனது. கடைசி வரியில் விடிந்து, வெயில் ஏறி, பன்னிரண்டரையைத் தாண்டியபோது பெட்டி தன்பாட்டில் 'டிக்' என்றது.

"நிப்பாட்டுங்க," என்றாள் பீற்றிஸ். நான் நிற்பாட்டினேன்.

இலட்சுமிப்பிள்ளை அழவில்லை. "அப்ப நான்தான்," என்றாள். "எண்ட மூச்சுக்குத்தான் எண்ட மனிசன் போனது. நான்தான் அவரத் திண்டிட்டன்." அதற்கு மேல் சொல்ல அவளுக்குக் காற்றுக் கிடைக்கவில்லை. நெஞ்சு விசிலடித்தது. கழுத்து நரம்பு புடைத்து, கதிரையில் சரிந்தாள்.

கேதீஸ்வரி மருந்தை ஊற்றி மூடியைக் கொண்டுபோனாள். தாய் அதைத் தட்டிவிட்டாள். "வேணாம். கொண்டு போ." திரும்பக் கொண்டுபோனாள், திரும்பத் தட்டினாள். மருந்து என் மேசையில் சிந்தியது. "சாகிறன். விடு. என்னத் தொடாத அந்த மெசினால." உதடு கறுத்துக்கொண்டு வந்தது. மகள் 'அம்மா அம்மா' என்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாள். நான் மெசினின் பிளக்கைச் சுவரில் குத்தியதோடு சரி. வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

திவாகரன் வந்தான். மாமியின் இரண்டு கையையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்தான். மரியாதையாகவெல்லாம் இல்லை, ஆட்டுக்கு மருந்து பருக்குகிறவன் பிடிக்கிற மாதிரி. மற்றக் கையால் மூடியை மூக்கோடும் வாயோடும் அழுத்தினான்.

"இழுங்க மாமி. என்ன ஏசுறத்துக்கும் மூச்சு வேணும். இழுங்க, மறுகா ஏசுங்க."

அவள் காலால் உதைத்தாள். தயிர்ச் சட்டி விழுந்து உடைந்து தயிரெல்லாம் நிலத்தில் பரவியது. அவன் விடவில்லை. மெசின் உறுமிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லப் புகை உள்ளே போகத் தொடங்கியது. உதைப்பு நின்றது. விசில் குறைந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணி ஓடி மூடியின் விளிம்பில் தேங்கியது. அவன் அதைத் தன் சேட்டுக் கையால் துடைத்தான்.

புகை முடிந்ததும் அவள் மூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏன்டா சொல்லல்ல நீ?" தொண்டை கரகரத்தது. "ஒரு மாசமா நாயிலும் கேவலமா ஏசினன். சனத்துக்கு முன்னால துப்பினன். பேக்கோட கொண்டுவந்து விட்டன். ஒனக்கு வாய் இல்லையாடா?"

"சொன்னா, மறுகா நீங்க இந்த மெசின வாயில வைப்பீங்களா மாமி?"

சற்று முன்னர் அவள் தட்டிவிட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். கேதீஸ்வரி சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பீற்றிஸ் துணி கொண்டுவந்து தயிரைத் துடைக்கத் தொடங்கினாள். எனக்கும் கண் கரித்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வயர்களைக் கழற்றினேன்.

இலட்சுமிப்பிள்ளை சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள். உரப்பைக்குள் வேலிப் பெட்டியைத் தானே வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே மகளைத் திட்டினாள், ரோட்டில் விழுந்த மரத்தைத் திட்டினாள், தயிர்ச் சட்டியை ஓரத்தில் வைத்ததற்கு என்னைத் திட்டினாள். அதைத் திரும்ப இழுத்து அங்கே வைத்தது அவள்தான். வாசற்படிக்கு வந்ததும் விழுந்து கிடந்த உடுப்புப் பேக்கைப் பார்த்து நின்றாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறாய்? அந்த பேக்கத் தூக்கி ஓட்டோக்குள்ள போடு. வரக்குள்ள நான்தான் தூக்கின. போகக்குள்ளயும் தூக்க எனக்கு மூச்சில்ல."

அவன் தூக்கிப் போட்டான். மூன்று பேரும் ஏறினார்கள். ஓட்டோ கிறுகித் திரும்பிப் பாலத்தடிக்குப் போகும்வரை அவள் அவனை ஏசுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. இடையில் ஒரு தரமும் நிற்கவில்லை.